புறங்கை

பரீட்சையில் தோற்றவர்கள் வழக்கமாகத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வருவார்கள். கரண்டக்கா அப்படி வரவில்லை. அவள் கதவைச் சாத்திய சாத்தலில், வெளியே வரிசையில் நின்ற ஒருவர் கையிலிருந்த டீயைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார். உள்ளே போனவர்கள் பாதி வேலையைக்கூட முடிக்காத நேரம் அது. அதற்குள் ஒருத்தி வெளியே வந்துவிட்டாள் என்றால், ஒன்று அவள் பெரிய கெட்டிக்காரியாக இருக்க வேண்டும், இல்லை துரத்தப்பட்டவளாக இருக்க வேண்டும். இவள் விஷயத்தில் இரண்டுமே உண்மை.

பிஸ்கட் தொழிற்சாலை ஒன்றில் எலெக்ட்ரீஷியன் வேலை அவளுக்கு. அங்கே மோட்டார் நின்றாலும், அடுப்பில் சூடு ஏறாவிட்டாலும், மேனேஜர் அறை விசிறி முனகினாலும் "கரண்டக்காவைக் கூப்பிடு" என்பதுதான் முதல் பேச்சு. அவளைவிட மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முதலில் சண்டை போட்டுப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள். ஊர் வைத்த பெயரை எதிர்த்து யார் ஜெயித்திருக்கிறார்கள்?

பரீட்சை அப்படியொன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. ஒரு பேனலிலிருந்து மோட்டாருக்கு இணைப்புக் கொடுக்க வேண்டும். பிறகு தேர்வாளர் அதில் ஒரு கோளாறு வைப்பார், அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். இணைப்பை அவள் எல்லோருக்கும் முன்னால் முடித்தாள். ஒயர்கள் தலை வாரிப் பின்னினதுபோல் ஒழுங்காக இருந்தன. தேர்வாளர் கோளாறு வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். அவள் பிரேக்கரை இறக்கிக் கரண்டை நிறுத்தினாள், யாரும் மறுபடி ஏற்றிவிடாதபடி பூட்டுப் போட்டாள், வலது கையின் புறங்கையை ஒயர் முனையில் லேசாக வைத்தாள்.

"நிறுத்துங்கம்மா," என்றார் தேர்வாளர். மூக்கு நுனியில் கண்ணாடியை உட்கார வைத்திருந்த மெலிந்த மனிதர். "அவ்வளவுதான். நீங்க போகலாம்."

"ஏன் சார்? நான் இன்னும் கோளாறையே பாக்கலையே."

"கையை வச்சீங்களே."

"ஆஃப் பண்ணிட்டுத்தானே சார் வச்சேன்!"

"ஆஃப் ஆயிடுச்சுன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"என் கை சொல்லுது."

"அதுக்குத்தான் பூஜ்யம். டெஸ்டர் மேசையில கிடக்கு பாருங்க. வச்ச இடத்துல வச்சபடி."

அவள் திரும்பிப் பார்த்தாள். இரண்டு முனையும் நடுவில் விளக்கும் உள்ள பெரிய டெஸ்டர், யாரும் தொடாமல் கிடந்தது. அப்படி ஒன்று அங்கே இருப்பதே அவள் கண்ணில் படவில்லை என்பதுதான் நிஜம். ஆனால் அதை ஒப்புக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை. "இத்தனை வருஷ வேலையில ஒரு தடவைகூட எனக்கு ஷாக் அடிச்சதில்ல சார்," என்றாள். "சந்தோஷம்மா," என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அந்தச் சந்தோஷத்துக்குத்தான் கதவு அப்படி அடி வாங்கியது.

புறங்கையால் தொட்டுப் பார்ப்பது அவளுக்கு அப்பா கொடுத்த சொத்து. அப்பாவும் எலெக்ட்ரீஷியன்தான். அவரைத் தெரிந்தவர்கள் புறங்கைக்காரர் என்றுதான் சொல்வார்கள். எந்த ஒயரில் கரண்டு இருக்கிறது, எதில் இல்லை என்று விரலின் பின்பக்கத்தால் தொட்டே சொல்லிவிடுவார். "உள்ளங்கை பட்டா கரண்டு இழுத்துப் பிடிச்சுக்கும், புறங்கை பட்டா உதறித் தள்ளிடும்," என்று சொல்லித்தான் மகளுக்கும் பழக்கினார். அவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. கை மட்டும் மகளிடம் தங்கிவிட்டது. அந்தக் கைக்கு ஒரு கண்ணாடிக்காரர் பூஜ்யம் போட்டுவிட்டார் என்பதை அவளால் ஜீரணிக்கவே முடியவில்லை.

போகட்டும் என்று விட்டுவிட்டுச் சும்மா இருக்கவும் வழியில்லை. வருகிற வருஷம் முதல் சர்டிபிகேட் உள்ளவர்கள்தான் பேனலைத் திறக்கலாம் என்று தொழிற்சாலையில் புதுச் சட்டம் போட்டிருந்தார்கள். இல்லாதவர்கள் பேக்கிங் பகுதிக்குப் போக வேண்டும். அதற்குள் பரீட்சை எழுத இன்னும் ஒரே ஒரு வாய்ப்புத்தான். பேக்கிங் ஒன்றும் கேவலமான வேலை இல்லை. ஆனால் நாள் முழுக்க பிஸ்கட்டை வரிசையில் அடுக்கிக்கொண்டு, பக்கத்திலேயே மோட்டார் ஒன்று தப்பான சத்தம் போடுவதைக் கேட்டும் கேட்காததுபோல் நிற்பதா? அதைவிடக் காதை அறுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

மறுநாள் அவள் ஷிப்டுக்குப் போனபோது அலமாரிக் கதவில் ஒரு பேக்கிங் தொப்பி தொங்கியது. தலைமுடி விழாமல் இருக்கப் போடுகிற வெள்ளைத் துணித் தொப்பி. போர்மேன் பின்னாலிருந்து சிரித்தார்.

"அளவு சரியா இருக்கான்னு போட்டுப் பாரும்மா. பிறகு கடைசி நேரத்துல அலையக்கூடாதுல்ல."

சுற்றியிருந்த நாலு பேர் சிரித்தார்கள். போர்மேன் சிரித்தால் சிரிப்பது என்பது அங்கே எழுதப்படாத ஷிப்டு வேலை. கரண்டக்கா தொப்பியைக் கழற்றி எறியவில்லை. அங்கேயே தொங்க விட்டாள். "இருக்கட்டும் சார். இதை என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியும்," என்றாள். என்ன பண்ணப்போகிறாள் என்று அவளுக்கே அப்போது தெரியாது. ஆனால் வாய் முந்திக்கொண்டது.

அவள் புருஷன் பஸ் கண்டக்டர். எதையும் எளிதாக முடித்துவிடலாம் என்று நம்புகிற மனுஷன். "என் பஸ்ஸுல தினம் ஒருத்தர் வர்றார். அவருக்கு அந்தப் பரீட்சை ஆபீஸ்ல ஆளைத் தெரியுமாம். கொஞ்சம் கவனிச்சா..." என்று ஆரம்பித்தான். அவள் பார்த்த பார்வையில் மீதி வாக்கியத்தை டீயோடு சேர்த்து விழுங்கிவிட்டான்.

"ஒரு கை பாத்துடறேன்," என்றாள் அவள். "நேர் வழியிலயே போய், அந்தக் கண்ணாடிக்காரர் வாயாலயே பாஸுன்னு சொல்ல வைக்கிறேன்."

"சரி, நான் என்ன செய்யணும்?"

"டெஸ்டர் வாங்கிட்டு வா. பரீட்சையில வச்சிருந்த மாதிரியே. அப்புறம் என் கையைப் பாத்துக்கிட்டே இருக்கணும். டெஸ்டர் வைக்காம கை போச்சுன்னா தடுக்கணும்."

"எப்படித் தடுக்கிறது? நான் பக்கத்துல வந்தா நீ ஸ்க்ரூட்ரைவரால குத்திடுவே."

இரண்டு பேரும் யோசித்தார்கள். அவன் கழுத்தில் தொங்கிய விசில் தானாகவே பதில் சொல்லிவிட்டது.

சமையலறைக்கு வெளியே சுவரில் ஒரு பலகை ஏறியது. அதில் பிரேக்கர், சுவிட்சு, ஒரு பழைய மோட்டார் எல்லாம் வந்தன. காலையில் ஷிப்டுக்குக் கிளம்பும் முன்பும், விடுமுறை நாளில் மத்தியானம் முழுக்கவும் ஒத்திகை நடந்தது. முறை மிகவும் சுலபம். பிரேக்கரை இறக்கிப் பூட்டு. டெஸ்டரை முதலில் கரண்டு இருக்கிற ஒரு சாக்கெட்டில் வைத்துப் பார், விளக்கு எரிந்தால் டெஸ்டர் உயிரோடு இருக்கிறது. பிறகு ஒயர் முனையில் வை, எரியக்கூடாது. மறுபடியும் சாக்கெட்டில் வை, எரிய வேண்டும். இடையில் டெஸ்டரே செத்துப்போய்ப் பொய் சொல்லியிருக்கக் கூடாதே, அதற்காக. இதெல்லாம் முடிந்த பிறகுதான் கை.

சொல்வதற்குச் சுலபம். பிரேக்கரை இறக்கிப் பூட்டியதும் அவள் கை, கோயிலைக் கண்டதும் கன்னத்துக்குப் போகிற கை மாதிரி, தானாக நேராக ஒயர் முனைக்குப் போனது. விசில் அலறியது. மறுபடியும் பிரேக்கர், மறுபடியும் கை, மறுபடியும் விசில். மாடி வீட்டம்மா எட்டிப் பார்த்து, "இங்க எப்போலேர்ந்து பஸ் நிக்குது?" என்று கேட்டாள். கண்டக்டருக்குத் தொழில் பக்தி அதிகம். வீட்டிலும் விசிலை முழு மூச்சோடுதான் ஊதினான்.

"மெதுவா ஊதக்கூடாதா?"

"மெதுவா ஊதினா டிரைவர் நிறுத்த மாட்டார்."

"இங்க யாரு டிரைவர்?"

"உன் கைதான். அது என் பேச்சைக் கேக்கவே மாட்டேங்குது."

நாட்கள் ஓடின. கை மாறவில்லை. நாலு தடவை ஒழுங்காகச் செய்வாள், ஐந்தாவது தடவை எதையோ யோசித்துக்கொண்டே பிரேக்கரை இறக்குவாள், கை போய்விடும். ஒரு விடுமுறை நாள் மத்தியானம் விசில் கேட்டுக் கேட்டு அவளுக்கு மண்டை கொதித்துவிட்டது. டெஸ்டரை மேசைமேல் டொப்பென்று போட்டாள்.

"போதும்! எங்கப்பா இதெல்லாம் இல்லாமத்தான் பாதி ஊருக்கு விளக்குப் போட்டார். அவர் கைக்கு அந்தக் கண்ணாடிக்காரன் யாரு பூஜ்யம் போடறதுக்கு? நான் என் கையோடதான் போவேன். அதுக்கு மார்க் போட்டா போடட்டும், போடாட்டி போகட்டும்."

ஜன்னல் ஓரத்தில் அவள் அம்மா உட்கார்ந்திருந்தாள். மருமகனின் காக்கிச் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். அப்பா போனபிறகு மகள் வீட்டோடு இருப்பவள். இத்தனை நாள் விசிலுக்கும் கூச்சலுக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போது ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினாள்.

"உங்கப்பா கையைப் பத்தி நீ பேசாதே."

"நான் பேசாம வேற யார் பேசறது?"

"நான் பேசறேன். உக்காரு."

அம்மா உட்காரச் சொன்ன குரல் புதிதாக இருந்தது. கரண்டக்கா உட்கார்ந்தாள். கண்டக்டர் விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான்.

"தினம் காலையில உங்கப்பாவுக்கு நான் சட்டைப் பட்டன் போட்டுவிடுவேனே, ஞாபகம் இருக்கா?"

இல்லாமலா? அந்த வீட்டின் பெரிய வேடிக்கையே அதுதான். அப்பா கதவருகே நெஞ்சை நிமிர்த்தி நிற்பார், அம்மா மேலிருந்து கீழாக ஒவ்வொரு பட்டனாகப் போடுவாள். "புது மாப்பிள்ளைக்கு அலங்காரம் நடக்குது" என்று இவள் கேலி செய்வாள். அப்பாவும் வெட்கப்பட்டதுபோல் சிரிப்பார். தனக்குக் கல்யாணம் ஆனபோது, புருஷன் பெண்டாட்டி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டது அந்தக் காட்சியை வைத்துத்தான்.

"ஆசையில போட்டேன்னு நெனச்சியா? அவரால போட முடியாதுடி. இந்த ரெண்டு விரலும் செத்துப்போச்சு." அம்மா தன் வலது கையில் நடு விரலையும் அடுத்த விரலையும் தொட்டுக் காட்டினாள். "பட்டனைப் பிடிச்சா பிடிச்சிருக்கமா இல்லையான்னே தெரியாது அவருக்கு. ஒரு வேலையில இந்தப் பக்கம் ஆஃப் பண்ணிட்டுக் கையை வச்சிருக்கார். அந்தப் பக்கம் எவனோ ஜெனரேட்டரைப் போட்டுட்டான். உயிர் தப்பினதே பெரிசு. விரல் ரெண்டும் அன்னையோட சரி. 'பிள்ளைங்ககிட்ட சொல்லாதே'ன்னார். சொல்லல."

அப்பா டம்ளரை எப்போதும் இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பது இப்போது நினைவுக்கு வந்தது. சாவியை இடது கையால் திருப்புவதும் நினைவுக்கு வந்தது. எல்லாம் கண்ணெதிரே நடந்ததுதான்.

"டெஸ்டர் இல்லையா அவர்கிட்ட?"

"இருந்துச்சு. உடைஞ்சுபோச்சு. காண்ட்ராக்டர்கிட்ட கேட்டார். அடுத்த வேலைக்கு வாங்கித் தர்றேன்னான். அடுத்த வேலைக்கும் அதையேதான் சொன்னான். வேலையை விட்டா வீட்டுல உலை கொதிக்காது. ஒரு நாள் வேற வழியில்லாம கையை வச்சார். அன்னைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட உக்காந்தார், கை நடுங்கின நடுக்கத்துல சோறு வாய்க்குப் போகல. நான்தான் ஊட்டிவிட்டேன். அப்புறம் நாலு பேர் பாத்துட்டு, என்ன தைரியம் என்ன தைரியம்னாங்க. என் கைதான் டெஸ்டர்னு அவரும் சொல்லிக்கிட்டார். வாங்கித் தர மாட்டேன்னுட்டான்னு சொல்றதைவிட அது கௌரவமா இருந்துச்சு அவருக்கு."

"தெரிஞ்சும் எனக்கு ஏம்மா அதைக் கத்துக்குடுத்தார்?"

அம்மா ஊசியை மறுபடி கையில் எடுத்தாள். "நானும் கேட்டேன். 'இவ போற இடத்துல மட்டும் வாங்கிக் குடுத்துடப் போறாங்களா?'ன்னு கேட்டார்."

கரண்டக்காவுக்கு அழுகை வரும் என்று கண்டக்டர் எதிர்பார்த்துத் துண்டைக்கூட எடுத்து வைத்துக்கொண்டான். அவளுக்கு அழுகை வரவில்லை. உள்ளங்காலிலிருந்து உச்சி வரைக்கும் கோபம்தான் வந்தது. முகம் தெரியாத அந்தக் காண்ட்ராக்டர்மேல் வந்தது. அப்பாமேலும் கொஞ்சம் வந்தது. ஆனால் பெரும்பங்கு வந்தது தன்மேல்தான். தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளும் டெஸ்டர் கேட்டிருக்கிறாள். "புறங்கைக்காரர் பொண்ணுக்கு டெஸ்டரா?" என்றார் போர்மேன். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அப்பா சிரிக்காமல் எழுந்து வெளியே போனார். ஏன் என்று அன்றைக்குத் தெரியவில்லை.

டெஸ்டர் போர்மேனின் மேசை இழுப்பறையில் இருக்கிறது. பூட்டித்தான் இருக்கும். "வெளியில விட்டா தொலைச்சிடுவீங்க" என்பது அவர் கட்சி. இத்தனை வருஷமாக அந்தத் தொழிற்சாலைக்கு டெஸ்டராக இருந்தது அவள் கைதான். பரீட்சையில் பூஜ்யம் வாங்கியதும் அந்தக் கைதான். கேலி செய்து தொப்பி மாட்டியவரும், டெஸ்டரைப் பூட்டி வைத்தவரும் ஒரே ஆள்.

அவள் எழுந்தாள். டெஸ்டரை எடுத்தாள். அதற்கு முனை இரண்டு, தனக்குக் கை இரண்டு என்று அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. அதுவரை இரண்டு முனையையும் ஒரே கையில் கவ்விப் பிடித்துக்கொண்டு, வலது கையைச் சும்மா விட்டு வைத்திருந்தாள். சும்மா இருக்கிற கைதானே அலையும்? பிரேக்கரைத் தொடும் முன்பே டெஸ்டரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். பூட்டுப் போட்டதும் கைக்கொரு முனையாகப் பிடித்தாள். சாக்கெட், ஒயர் முனை, மறுபடி சாக்கெட். அன்று சாயங்காலம் வரை செய்தாள். விசில் சட்டைக்குள்ளேயே கிடந்தது. ஒரு கட்டத்தில் கண்டக்டர் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டான்.

மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது அவன் கேட்டான். "டெஸ்டரைக் கையோட எடுத்துக்கிட்டுப் போகலையா?"

"மாட்டேன். பிஸ்கட்டு அவங்களோடது, பேனல் அவங்களோடது, லாபம் அவங்களோடது. டெஸ்டர் மட்டும் என்னோடதா? குடுக்கட்டும்."

கேட்டு வாங்குகிற நேரம் வெகு சீக்கிரமே வந்தது. அடுப்பிலிருந்து பிஸ்கட்டை இழுத்துக்கொண்டு வரும் கன்வேயர் நடு ஷிப்டில் நின்றுவிட்டது. போர்மேன் ஓடி வந்தார். அவள் ஏற்கனவே பேனல் முன்னால் நின்றிருந்தாள். பிரேக்கரை இறக்கிப் பூட்டுப் போட்டுவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னம்மா உக்காந்துட்டே? திற, திற!"

"டெஸ்டர் குடுங்க சார்."

"விளையாடறியா? உள்ள பிஸ்கட்டு கருகுது!"

"கருகட்டும் சார். பிஸ்கட்டுதானே."

பேக்கிங் பெண்கள் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். அடுப்புப் பக்கமிருந்து கருகல் வாடை வந்துகொண்டிருந்தது.

"நேத்து வரைக்கும் கையை வச்சுத்தானே பாத்தே? இன்னைக்கு என்ன புதுசா மகாராணி ஆயிட்டே?"

"நேத்து வரைக்கும் எனக்குப் புத்தி இல்ல சார். இன்னைக்கு வந்திருக்கு. டெஸ்டர் குடுத்தா திறக்கறேன். குடுக்க மனசில்லேன்னா நீங்களே திறங்க, உங்ககிட்ட சர்டிபிகேட் இருக்கே."

"உன்னை இன்னைக்கே பேக்கிங்குக்கு அனுப்பறேனா இல்லையா பாரு."

"அனுப்புங்க. அங்க போனாலும் இந்தப் பேனல்ல யாரும் வெறும் கையை வைக்கக்கூடாதுன்னுதான் சொல்லுவேன்."

அதற்குள் வாடை மாடி அறை வரைக்கும் போய், மேனேஜர் இறங்கி வந்துவிட்டாள். சத்தம் போடாமலே எல்லோரையும் நடுங்க வைக்கிறவள். என்ன பிரச்சினை என்று கேட்டாள். கரண்டக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள். போர்மேன் போய் இழுப்பறையைத் திறந்து டெஸ்டரை எடுத்துவந்தார். உறையில் தூசி படிந்திருந்தது. மேனேஜர் பார்க்க, தானே செய்து காட்டிவிடுவது என்ற வீறாப்பில் பேனலை நோக்கிப் போனார்.

"முதல்ல சாக்கெட்ல வச்சுப் பாருங்க சார்," என்றாள் கரண்டக்கா.

"எல்லாம் எனக்குத் தெரியும்," என்று சாக்கெட்டில் வைத்தார். விளக்கு எரியவில்லை. பக்கத்துச் சாக்கெட்டில் வைத்தார். அதிலும் எரியவில்லை. அந்தச் சாக்கெட்டில்தான் ஒரு மேசை விசிறி ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. டெஸ்டரின் ஒயர் உள்ளுக்குள் அறுந்து எத்தனை காலம் ஆயிற்றோ. கரண்டு இருந்தாலும் இல்லை என்றே அது சொல்லும்.

போர்மேன் முகத்தில் ஈயாடவில்லை. பேனலைப் பார்த்தார். பிரேக்கர் இறங்கித்தான் இருந்தது, பூட்டும் தொங்கியது. நேற்று வரை கரண்டக்காவைக் கையை வைக்கச் சொன்ன அதே பேனல். அவர் கை நீளவே இல்லை.

"இவ்வளவு நாளா எதை வச்சுப் பாத்தீங்க?" என்று மேனேஜர் கேட்டாள்.

கரண்டக்கா வலது கையைத் தூக்கி, புறங்கையைத் திருப்பிக் காட்டினாள்.

கடைக்கு ஆள் போய்ப் புது டெஸ்டர் வாங்கி வரும் வரைக்கும் கன்வேயர் நின்றது. ஒரு வண்டி பிஸ்கட் கருகிக் குப்பைக்குப் போனது. டெஸ்டர் வந்ததும் கரண்டக்கா பேனலைத் திறந்து, தளர்ந்துபோயிருந்த ஒரு இணைப்பை இறுக்கிவிட்டு மூடினாள். அதற்கு ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. மேனேஜர் பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. போகும்போது மட்டும், "சர்டிபிகேட் வாங்கிடுங்க. சட்டம் உங்களுக்காக மாறாது," என்றாள். போர்மேன் காதோரம் வந்து, "தோத்துட்டு வா, அப்புறம் இருக்கு உனக்கு," என்றார்.

பரீட்சை நாளன்று அதே கூடம், அதே மேசைகள், மூக்கு நுனியில் அதே கண்ணாடி. அவரும் அவளை மறக்கவில்லை என்பது பார்வையிலேயே தெரிந்தது. கதவும் மறந்திருக்காது.

இணைப்பை முடித்தாள். அவர் கோளாறு வைத்துவிட்டுத் தள்ளி நிற்காமல், இந்தத் தடவை மிகவும் கிட்டத்தில் நின்றார். அவள் டெஸ்டரைக் கழுத்தில் மாட்டினாள். பிரேக்கரை இறக்கினாள், பூட்டினாள். அந்த நொடியில் வலது கை துடித்தது. அதை அவள் நன்றாக உணர்ந்தாள். வருஷக்கணக்காகப் போன பாதை அல்லவா, போகலாமா என்று கேட்டது. போகாதே என்று அதட்டி, அதன் பிடியில் ஒரு முனையைக் கொடுத்தாள். இன்னொரு கையில் இன்னொரு முனை. சாக்கெட்டில் எரிந்தது. ஒயர் முனையில் எரியவில்லை. மறுபடி சாக்கெட்டில் எரிந்தது. அதன் பிறகுதான் உள்ளே கை வைத்தாள். தளர்ந்த ஒயர் எது என்று கண்டுபிடித்து இறுக்கினாள், மூடினாள், பிரேக்கரை ஏற்றினாள். மோட்டார் சுற்றியது.

தேர்வாளர் பேனாவைத் திறந்தார். எழுதவில்லை.

"போன தடவை உங்க கை சொல்லும்னீங்க. இந்தத் தடவை அதைக் கேக்கலையா?"

கேலியாகக் கேட்டாரா, அக்கறையாகக் கேட்டாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. எதுவாக இருந்தால் என்ன என்று நிமிர்ந்து நின்றாள்.

"எங்கப்பாவுக்கு டெஸ்டர் குடுக்கல சார். அதனால கையை வச்சார். எனக்கும் குடுக்கல, நானும் வச்சேன். இப்போ கேட்டு வாங்கிட்டேன். இனிமே யாருக்காகவும் வைக்க மாட்டேன். உங்க மார்க்குக்காகவும் இல்ல, எனக்காகத்தான்."

அவர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு எழுதினார். "பாஸ்மா," என்றார். வெளியே வந்தபோது அவள் கதவை மெதுவாகத்தான் சாத்தினாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். அம்மா மகளின் வலது கையை இழுத்து, நடு விரலையும் அடுத்த விரலையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். "வலிக்குதா?" என்று கேட்டாள். "வலிக்குதும்மா, விடு," என்று மகள் சொன்னபிறகுதான் அம்மா சிரித்தாள். மகளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. கண்டக்டர் சந்தோஷம் தாங்காமல் விசிலை ஊத, மாடி வீட்டம்மா மறுபடியும் எட்டிப் பார்த்தாள்.

தொழிற்சாலையில் அலமாரிக் கதவில் தொப்பி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. போர்மேன் அதை எடுத்துவிடலாம் என்று கை நீட்டிய நேரத்தில் அவள் வந்து சேர்ந்தாள்.

"இருக்கட்டும் சார். பேனல்ல தூசி துடைக்க எனக்கு ஒரு துணி வேணும்."

அவர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். அன்று மத்தியானம் மாவு பிசையும் இயந்திரம் நின்றது. அவள் தொப்பியை இடுப்பில் செருகிக்கொண்டு போய், பேனல் முன்னால் நின்று பிரேக்கரை இறக்கிப் பூட்டினாள். கேட்பதற்கு முன்பே போர்மேன் டெஸ்டரை நீட்டினார்.

"புதுசும்மா. நேத்துகூட நல்லா எரிஞ்சுது. சாக்கெட்ல எல்லாம் வச்சுப் பாக்க வேண்டியதில்ல, நேரம் ஆகுது."

"ஆகட்டும் சார்," என்று சொல்லிவிட்டு, கரண்டக்கா டெஸ்டரைச் சாக்கெட்டில் வைத்தாள்.